இரும்பு வைத்த ஷூ

இன்று காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் புது சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்ததும் அந்தப் புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து மெஷின்காரி, இவளுக்கு என்ன கழன்றுவிட்டதா என்பதுபோல் பார்த்தாள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் நீ. நீயோ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நசரத்பேட்டை மைதானத்தில் நடந்த அந்த ராக் கச்சேரிக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனது நீதான். திருமுல்லைவாயிலில் பிறந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவளுக்கு இந்த ராக் பைத்தியம் எங்கிருந்து ஒட்டியது என்று எல்லோரும் கேட்டார்கள். யாரோ அனுப்பிய ராக் பாட்டு வீடியோவை கம்பெனி வேனில் எனக்குப் போட்டுக் காட்டி, "நம்ம மெஷின் அடிக்கிற மாதிரியே கீதுடி, ஆனா இதுல ராகம் கீது" என்றாய். அதன் பிறகு உனக்கு வேறு பாட்டே பிடிக்கவில்லை.

ஆனால் உன் இடது காது அதற்குள் பாதி போயிருந்தது. தகடு சரியாக உட்காராமல் மெஷின் அடித்தால் சத்தம் மாறும். அதைப் பிடிப்பதற்காக நாம் எல்லோருமே ஒரு காதின் அடைப்பானை எடுத்துவிட்டுத்தான் வேலை செய்வோம். அப்படிச் செய்பவள்தான் நல்ல கைக்காரி என்று நமக்குள் ஒரு பெருமை வேறு. பதினோரு வருடம் நீ இடது காதைத் திறந்தே வைத்திருந்தாய். போனது திரும்பாது, வலது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, நான்தான் அழுதேன். நீ வெளியே வந்து, "முழுசா பூட்றதுக்குள்ள ஒரு தபா அந்த கிட்டாரை நேர்ல கேட்டுடணும்டி" என்றாய். அவ்வளவுதான் உன் கவலை.

செல்வி தடுத்துப் பார்த்தாள். டிஸ்பாட்ச் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் நம் கோவில்பட்டிக்காரி. "ஏட்டி, சத்தமே ஆவாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்லா?" என்றாள். "முழுக்க நனைஞ்சவளுக்கு முக்காடு எதுக்கு?" என்று அவள் வாயை அடைத்தாய். கடைசியில் அவளும் நம்மோடு கிளம்பினாள்.

முன்வரிசையில் நின்றால் ஆடுகிறவர்கள் காலை மிதித்துவிடுவார்கள், அதனால் சேஃப்டி ஷூ போட்டுக்கொள்ளலாம் என்றாய். உலகத்திலேயே பெரிய புத்திசாலி நீதான் என்று நானும் நம்பினேன். சுடிதாருக்குக் கீழே கறுப்பு பூட்ஸோடு ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். மதியம் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. செல்வியின் செருப்பைப் பார்த்து இருவரும் கேலி செய்தோம். வாசலில் சோதனை செய்த செக்யூரிட்டி அம்மா உன் காலருகே இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியைக் காட்டியதும் அது அலறியது. என் காலருகே இன்னும் சத்தமாக அலறியது.

"ஷூவுல இன்னா வெச்சிகினு கீற?"

"கால் வெச்சிகினு கீறேன்" என்றாய்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. விரலால் ஷூவின் முனையைத் தட்டினாள். டங்கென்றது. "இரும்பு. உள்ள வுட மாட்டேன், போ." தினமும் போட்டுப் போட்டு, அதற்குள் இரும்புத் தகடு இருப்பதே நம் இருவருக்கும் மறந்து போயிருந்தது. உள்ளே பாட்டுக்காரர்கள் மேடை ஏறிவிட்டார்கள். திரும்பிப் போகலாம் என்று நான்தான் சொன்னேன், இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீ அங்கேயே சேற்றில் குந்தி லேஸை அவிழ்த்தாய். "காது போவுதேன்னு வந்திருக்கேன், ஷூவுக்காக திரும்புவேனா?" ஷூக்களை எதிரே இளநீர் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஓடினோம்.

எத்தனை பேர் மிதித்தார்கள்! என் கட்டைவிரல் நகம் அன்று போய், முளைத்து வர மாதக்கணக்கானது. நீ எதையும் கவனிக்கவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காதை மேடைப் பக்கம் திருப்பி நின்றாய். கிட்டார் தனியாக எழுந்தபோது உன் முகம் சுருங்கியது. "மேல போற சத்தம் கேக்கலடி" என்றாய். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஆனால் நீ என் கையை இழுத்து அந்தக் கம்பிமேல் வைத்தாய். கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. "இத்த பாரு. காது கேக்காட்டி இன்னா, கை கேக்குது, நெஞ்சு கேக்குது." கடைசிப் பாட்டு வரை கம்பியை நீ விடவே இல்லை. அத்தனை சந்தோஷமாக உன்னை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில், வலது காது முழுசாகப் போவதற்கு முன்பே, நான்கு நாள் காய்ச்சலில் நீயே போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உனக்கு ஒரு செய்தி. என் இடது காதிலும் இரைச்சல் தொடங்கிவிட்டது. பயந்தேன், ஆனால் மறைக்காமல் உன் டாக்டரிடமே போய்க் காட்டினேன். மறுநாளிலிருந்து இரண்டு காதிலும் அடைப்பானை வைத்துக்கொள்கிறேன், ஷிஃப்ட் முடியும் வரை எடுப்பதில்லை. பீஸ் வீணாகிறது என்று சூப்பர்வைசர் முறைத்தார். "வீணாவட்டும் சார். மிச்சம் கீற காதை மெஷினுக்குக் குடுக்க மாட்டேன்" என்றேன். அது உன் வாய், என் குரல். இப்போது எங்கள் மெஷின் வரிசையில் இன்னும் மூன்று பேர் இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிறார்கள். நல்ல கைக்காரி என்ற பெருமையை நாங்கள் தலைமுழுகிவிட்டோம்.

இந்தச் சனிக்கிழமை அதே மைதானத்தில் மறுபடியும் கச்சேரி. செல்வி போனில், "அவ இல்லாம எப்படிட்டி போறது?" என்று அழுதாள். "நீ வராட்டியும் நான் போவேன்" என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு, எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

டாக்டர் சொன்னபடி காதில் அடைப்பானோடுதான் நிற்கப் போகிறேன். கிட்டார் பாதிதான் கேட்கும். மீதியைக் கேட்க உன் கம்பி இருக்கிறது. இந்தப் புது ஷூவைத்தான் போட்டுக்கொண்டு போவேன். வாசலில் அந்த அம்மா கருவியை எடுப்பதற்கு முன் நானே குந்தி லேஸை அவிழ்ப்பேன்.