தோற்ற பிறகு சேர்ந்த பெயர்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.

அன்பு மகள் நிலாந்தினிக்கு,

நயினாதீவு அம்மாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், உன் கண் வீக்கமும் வற்றி நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போட்டிக்குப் பிறகு நீ போனை நிறுத்திவிட்டாய், அதனால் லீவுக்கு வந்து ரொறன்ரோவுக்குத் திரும்பும் ஜசிந்தாவிடம் இதையும் எள்ளுருண்டையையும் கொடுத்துவிடுகிறேன், தோற்றவர்களும் சாப்பிடலாம். இனி ஊரில் யார் முகத்தில் முழிப்பது என்று நீ கேட்டதாக உன் அண்ணன் ஹரிஷன் சொன்னான்.

இங்கே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். போட்டியன்று காலையில் சனசமூக நிலைய முன்றலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள், பக்கத்துப் புளியங்கூடல் சனமும் வந்து நிறைந்துவிட்டது. நீயோ ஒருவரிடமும் தோற்காத அதிபாரக் குத்துச்சண்டைக்காரி, எதிரே கடைசி நேரத்தில் வேறொருத்திக்குப் பதிலாக வந்த பெயர் தெரியாத பிள்ளை, எல்லாரும் பட்டாசோடு காத்திருந்தார்கள். மூன்றாம் சுற்றில் நீ விழுந்தாய். திரையை உடனே நிறுத்திவிட்டார்கள். பெட்டை தலைக்கனத்தால விழுந்திட்டாள் என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. பின்னேரம் கடைக்குப் போனால், வாசலில் தொங்கிய உன் பெரிய படத்தை வல்லிபுரம் கழற்றி, அதன் மேல் வெங்காயம் காயப் போட்டிருந்தார். வந்த கோபத்தில் சீனி வாங்காமலே திரும்பினேன்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு வினோஜா ஒரு வீடியோத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். நீ எழும்பிப் போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அவள் கையை உயர்த்துகிறாய், மைக்கோடு வந்தவர் என்னவோ கேட்க, கமராவைப் பார்த்து, "அம்மா, எனக்கொண்டுமில்லை, நல்ல அடிதான் விழுந்தது, நீங்கள் இனித் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்கிறாய். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, உன் போட்டி முடியும்வரை என் தொண்டையில் ஒன்றும் இறங்காதென்று உனக்குத்தானே தெரியும்.

அந்தத் துண்டு தீவெல்லாம் போய்விட்டது மகள். நீ வென்ற காலத்தில் எங்கள் படலையைத் திறக்கத் தயங்கியவர்கள் இப்போது முட்டையும் கத்தரிக்காயுமாக வருகிறார்கள். முந்தி உன்ரை மகளைப் பார்க்கப் பயமாயிருந்தது, இப்பதான் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு என்கிறாள் எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரி. பள்ளிக்கூடப் பெட்டைகள் அக்கா எப்ப வருவா, எங்களுக்கும் பழக்குவாவோ என்று வினோஜாவை அரிக்கிறார்கள். வல்லிபுரமும் படத்தைக் கழுவித் திரும்பக் கொழுவிவிட்டார், வெங்காய மணம்தான் இன்னும் போகவில்லை.

அப்பாவையும் சொல்ல வேண்டும். நீ வென்றபோதெல்லாம் வெளியூர் ஆட்கள் கேட்டால் மகளுக்குக் கணக்கு வேலை என்றுதான் சொல்வார், உனக்கும் அது தெரியும், மனதில் வைத்திருந்தாய். நேற்று நயினாதீவுக் கோயிலுக்குப் படகெடுக்கக் குறிகட்டுவான் துறையில் நின்றோம். முன்பின் தெரியாத ஒருவர் உன் வீடியோவைப் பக்கத்தவருக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா மெல்லப் போய் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அது என்ரை மகள்" என்றார். அந்த ஆள் நம்பவில்லை. படகில் ஏறிய பிறகும் அப்பா விடவில்லை, "என்ரை மகள்தான், வேணுமெண்டால் தாயைக் கேட்டுப் பாரும்" என்று கரை சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பச் சண்டைக்குப் போவதும் விடுவதும் உன் விருப்பம், திருவிழாவுக்கு மட்டும் வந்துவிடு. கண்ணுக்கு மருந்தைத் தவறாமல் விடு. அம்மாள் உன் பக்கத்திலேயே நிற்பாள். போனைத் திறந்ததும் முதலில் அப்பாவுக்கு எடு, உன்னோடு ஏதோ கதைக்க வேண்டுமாம், என்னவென்று எனக்குச் சொல்ல மாட்டாராம்.

உன்னைக் காண ஆவலாயிருக்கும் அம்மா,
ஞானசவுந்தரி