ஐந்தாம் வளைவின் ஆவாரங்கொத்து

நவம்பர் 16, ஞாயிறு
காலை தூறல், பிறகு வெயில். அரும்பாவூரிலிருந்து பச்சமலைப் பாதை. மண் சரிந்ததால் வண்டிகளுக்குத் தடை. சைக்கிளுக்கு இல்லை. பஸ்ஸும் லாரியும் இல்லாத மலை ரோடு, வேறென்ன வேண்டும்.

ஏறும்போது நான் முன்னால், இறங்கும்போது வாசுகி. எங்கள் வழக்கம்தான்: மேலிருந்து எண்ணினால் எட்டு வளைவு, ஒவ்வொன்றிலும் அவள் ஓர் ஆவாரங்கொத்தை ஒடித்து, தடுப்புச்சுவர் மேல் ஒரு கல்லடியில் வைத்துவிட்டுப் போவாள். பின்னால் வரும் நான் எடுத்து எறிந்துவிட்டுப் போவேன். கொத்து இருந்தால் அவள் தாண்டிவிட்டாள். இல்லையென்றால் நின்று தேட வேண்டும். மேலே போன் எடுக்காது.

இறங்கும்போது நாலாம் வளைவில் தண்ணீர் குடிக்க நின்றபோது சொல்கிறாள்: "வெள்ளிக்கிழமை நீ சீக்கிரம் கெளம்புனத ஹெச்.எம். கேட்டாரு. ஆமான்னுட்டேன்." பதினோரு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்! இல்லையென்று சொல்ல வாய் வராதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள். அதற்குக் கீழே ஒரு கொத்தையும் நான் தொடவில்லை. கிடக்கட்டும்.

நவம்பர் 20, வியாழன்
பேசவில்லை. அவளாகவே வந்து என் மேஜையில் சீடை வைத்தாள். தின்றேன். அப்போதும் பேசவில்லை.
வாங்க: பிரேக் கட்டை 2, டியூப், மெழுகுவர்த்தி.

நவம்பர் 23, ஞாயிறு
மதியம் 1.10. சர்ச்சில் முதல் பூசை முடித்து, வாசுகியோடு பேசாமலேயே மலை ஏறி இறங்கி வந்தாகிவிட்டது. ரோடு ஈரம். நாலாம் வளைவு வரை கொத்து. ஐந்திலும் இருந்தது. ஆறு, ஏழு, எட்டு, எல்லாவற்றிலும். கீழே வழக்கமாக எனக்காக நிற்கும் கம்பித் தடுப்பில் அவள் இல்லை. சொல்லாமல் போய்விட்டாள். சரி போ, உனக்கே அவ்வளவு என்றால் எனக்கும்தான்.

1.25. அவள் வீட்டுக்காரர் போன். "டீச்சர், வாசுகி உங்க வூட்லயா இருக்கா? இன்னும் வரலீங்களே."
கிளம்புகிறேன்.

நவம்பர் 24, திங்கள்
லீவு. எழுதிவிட வேண்டும்.
ஃபாரஸ்ட் வாட்சரும் அவள் வீட்டுக்காரரும் நானும் நடந்தே ஏறினோம். மாதாவே மாதாவே என்று மட்டும் வாயில். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே, சுவர் இல்லாத இடத்தில், புல்லில் டயர் இழுத்த தடம். இருபதடி கீழே சைக்கிள். அதற்கும் கீழே புதரில் அவள். "வந்துட்டியாடி" என்றாள், அவ்வளவுதான். 3.40.
தோள் எலும்பு, இரண்டு விலா, கணுக்கால். உயிருக்கு ஒன்றுமில்லை. நாலரை மணி நேரம் கிடந்திருக்கிறாள். நான் தாண்டிப் போகும்போது என் பிரேக் சத்தம் கேட்டதாம். கத்தினாளாம், குரல் எழும்பவில்லையாம்.
அவள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என்னாயிருக்கும்" என்று அழுகிறார். கையை உருவிக்கொள்ளத் தெரியவில்லை.

நவம்பர் 26, புதன்
பெரம்பலூர், ஆஸ்பத்திரி. ஆரஞ்சு, ஃபிளாஸ்க், அவளுடைய கண்ணாடி. வார்டில் நாங்கள் இருவர் மட்டும்.
"அஞ்சுல நான் வைக்கவேயில்லையே. ஏன் நிக்கல?"
போன வாரத்துக் கொத்து, கோபத்தில் எடுக்காமல் விட்டது என்றேன்.
"தெரியும். ஏறும்போதே பார்த்தேன். ஒங்கோவம் இன்னும் செவுத்துல காயுதேன்னு சிரிச்சுக்கிட்டேன்." கண்ணாடியை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டாள். "சருகாத்தானே கெடந்துச்சு, ஸ்டெல்லா. பூ ஒண்ணுகூட இல்ல. ஒனக்குத் தெரியலயா?"
தெரியவில்லை என்றேன்.
இங்கே எழுதுகிறேன். தெரிந்தது. ஐந்தாம் வளைவில் பிரேக் பிடித்தேன், காலை ஊன்றினேன், சருகைக் கையில் எடுத்தும் பார்த்தேன். வேண்டுமென்றே வைக்காமல் போயிருப்பாள், நான் ஏன் தேட வேண்டும், அவளே வந்து கெஞ்சட்டும் என்று திரும்ப அதே கல்லடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.