சந்தூர் விழாவில் வந்த அழைப்பு

அக்கா,

உங்கள் மகள் போன ஞாயிறு வந்து உங்கள் சாம்பல் நிறக் கோட்டைத் தந்துவிட்டுப் போனாள். "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்று பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகச் சொன்னாள். விரித்ததும் ஓடிக்கொலோன் மணம் வீடெல்லாம் பரவியது. தலையிடிக்கும் அதுதான், சளித் தடிமனுக்கும் அதுதான், பூசைக்குப் போகவும் அதுதான் உங்களுக்கு. போட்டுப் பார்த்தேன். கை தானாகப் பைக்குள் போகப் பார்த்தது, சட்டென்று இழுத்துக்கொண்டேன். இத்தனை வருடமாகியும் கோட்டுப் பைக்குள் கைவிட எனக்குப் பயம். ஏனென்று இந்த ஊரில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வன்னியில் சண்டை இறுகிக் கிடந்த அந்தப் பனிக்காலத்தில், இந்த நகரத்து லாசால் பகுதியில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று கேக் அடுக்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் மன்னார், நான் திருகோணமலை. என் தம்பி மோட்டார் திருத்தும் வேலைக்கென்று வன்னிக்குப் போய் உள்ளே அகப்பட்டுவிட்டான். எப்போதாவது யாரோ ஒருவரின் சாட்டலைட் போனிலிருந்து அழைப்பு எடுப்பான். இலக்கம் விழாது, திருப்பி எடுக்க முடியாது, அரை நிமிடம் நின்றால் பெரிது. அதனால் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிய என் செல்போன் கழிப்பறைக்கும் என்னோடு வந்தது. மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். சோறு இறங்கவில்லை. சமையலறையில் ஒரு மூடி விழுந்தாலும் நெஞ்சு திடுக்கிடும்.

நான் தேய்ந்துகொண்டு போவதைப் பார்த்துத்தான் நீங்கள் அந்த டிக்கெட்டுகளைக் கொண்டுவந்தீர்கள். எங்களோடு வேலை செய்த ஈரான்காரி ஷிரீனின் கணவர் சந்தூர் வாசிக்கிறவர். சிறு சுத்தியல்களால் கம்பிகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியங்களுக்கென்றே நகரத்தில் ஒரு விழா, அவரும் வாசிக்கிறார். நான் வரமாட்டேன் என்றேன். ஊர் எரியும்போது பாட்டுக் கச்சேரிக்குப் போனாளாம் என்று சனம் கதைக்கும் என்றேன். நீங்கள் விடவில்லை. அவர்கள் நாட்டில் குண்டு விழுந்த காலத்தில் ஷிரீனின் கணவர் நிலவறைக்குள் இருந்து வாசித்தாராம், அந்தச் சனம் கேட்டதாம், நீ கேட்டால் என்ன என்று கேட்டீர்கள். பிறகு உங்கள் வழக்கமான சொல்லும் வந்தது: "பயத்தைத் தனிய வீட்டில வைச்சிருக்காத பிள்ளை. கூட்டிக்கொண்டு வா."

கூட்டிக்கொண்டுதான் வந்தேன். மெட்ரோவிலிருந்து மண்டபத்துக்கு நடக்கும்போது விரல்கள் விறைத்துப்போய், போனோடு சேர்த்துக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். வாசலில் கோட்டுகளை வாங்கித் தொங்கவிட்டு இலக்கம் போட்ட ஒரு துண்டு தந்தார்கள். குளிரில் பிறந்தவர்கள் கோட்டைக் கழற்றும்போதே பையைத் தடவிப் பார்ப்பார்கள். ஊரில் காசுப்பையைச் சட்டைக்குள் செருகி வளர்ந்த எங்களுக்கு அந்தப் புத்தி எங்கே வரும்? கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

முதலில் ஒரு சீனப் பெண் வாசித்தாள். பிறகு ஹங்கேரிக்காரர் ஒருவர், சாப்பாட்டு மேசையளவு வாத்தியத்தோடு. நான் ஒன்றையும் கேட்கவில்லை. சுத்தியல் விழும் ஒவ்வொரு தடவையும் தோள் குறுகியது. அடுத்து ஷிரீனின் கணவர் வந்து சுருதி சேர்க்கத் தொடங்கினார். அத்தனை கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்க்க வேண்டுமாம். "இவர் சேர்த்து முடிய எனக்குப் பென்ஷன் வந்துடும்" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே வழக்கம்போல நெஞ்சைத் தடவினேன். போன் இல்லை.

போன் கோட்டுப் பைக்குள் என்றேன். நான் சொல்லி முடிக்கவும் இல்லை, நீங்கள் என் கையிலிருந்த துண்டைப் பறித்துக்கொண்டு எழும்பிவிட்டீர்கள். நீங்கள் வழியோரத்தில் இருந்தீர்கள், நான் உள்ளே. வாசிப்புத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் பொறுத்தேன், முடியவில்லை. இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, பர்தோன், பர்தோன் என்று மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வெளியே வந்தேன்.

நடைவழியில் என் கோட்டை ஒரு கையில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். மற்றக் கையை நீட்டி, என் போனை மண்டபக் கதவின் இடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பாய்ந்து பறித்துக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. லைன் போயிருந்தது.

"தம்பிதான் எடுத்தவன். உயிரோட இருக்கிறான்" என்றீர்கள். பிறகு, நான் கேட்காமலே, சுவரைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"'அக்கா எங்க' எண்டவன். உள்ளுக்கு இருக்கிறா, கூப்பிடுறன் எண்டன். 'வேண்டாம், லைன் நிக்காது. அது என்ன சத்தம்' எண்டவன். சந்தூர் எண்டு கதவுப் பக்கம் பிடிச்சன். திருப்பிக் காதில வைக்க, 'கொஞ்ச நேரம் எடுக்காதேங்கோ. இருக்கட்டும்' எண்டவன். அதுதான் போனைக் கதவடியிலயே பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

எனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. எந்த இடத்தில் நிற்கிறான், காயம் இருக்கிறதா, சாப்பிட்டானா, ஒன்றாவது கேட்டிருக்கலாமே என்று அந்த நடைவழியிலேயே கத்தினேன். கோட்டுகளை வாங்கி வைக்கும் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். நீங்கள் ஒரு சொல்தான் திருப்பிச் சொன்னீர்கள். "அவன் கேட்டது அதைத்தான், பிள்ளை."

அதற்குப் பிறகு தம்பி எடுக்கவே இல்லை. சண்டை முடிந்தது. முகாமில் இருந்து வந்தவர்களை எல்லாம் விசாரித்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் உங்களோடு கதைப்பதை விட்டேன், வேறு பஸ்ஸில் போனேன், தொழிற்சாலையில் வரிசை மாறி நின்றேன். ஆனால் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவன் சொன்னது 'என்ன சத்தம்' என்றா, 'ஏன் சத்தம்' என்றா? எனக்கு நிச்சயமில்லை. நேரே உங்கள் கதவைத் தட்டினேன். எங்கே இவ்வளவு நாளும் என்று நீங்கள் கேட்கவில்லை. இருத்தி, தேத்தண்ணி ஊற்றி, அப்படியே சொன்னீர்கள். அதிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பேன். என்னை ஆற்றுவதற்காக ஒரு சொல் கூட்டிவிடுவீர்களோ என்று ஒவ்வொரு தரமும் பயந்துகொண்டு கேட்பேன். 'அக்காவிடம் அன்பு சொல்லுங்கோ என்றான்' என்று ஒரு பொய் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் ஒரு நாளும் கூட்டவில்லை. அதனால்தான் நம்பினேன். நம்பியதால்தான் மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது: எல்லாச் சத்தத்துக்கும் நடுவே, அவன் தனக்கு வேண்டியதைக் கேட்டான், நீங்கள் கொடுத்தீர்கள். நானாக இருந்திருந்தால் அழுதே அந்த நேரத்தைத் தீர்த்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்க வந்தபோது உங்களால் கதைக்க முடியவில்லை. எனக்கு வந்த பயம் உங்கள் உயிரைப் பற்றி மட்டும் இல்லை, அக்கா, மறைப்பானேன்? தம்பியின் கடைசிக் குரலைக் கேட்ட காது உங்களுடையது ஒன்றுதான். அதனால் இந்த முறை நான் சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள். "'எடுக்காதேங்கோ, இருக்கட்டும்' எண்டவன்" என்று முடித்தேன். கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். திரும்பச் சொன்னேன். திரும்பவும் இல்லை. யோசித்து யோசித்துத்தான் விட்ட இடம் நினைவு வந்தது. 'கொஞ்ச நேரம்.' அதைச் சேர்த்துச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இப்போது காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வாய்க்குள் அவன் சொன்னதை முதலில் இருந்து சொல்லிப் பார்க்கிறேன். பிழைத்தால் தலையாட்ட ஆளில்லை என்பதுதான் இனி என் பயம். இன்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு சொன்னேன். உள்ளே உங்கள் முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்று மடித்தபடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரியையும் சொன்னேன்.

"கொஞ்ச நேரம் எடுக்காதேங்கோ. இருக்கட்டும்."

சரிதானே, அக்கா?