ரஞ்சனி காதைப் பிடித்து இழுத்தால்

எதையும் விசாரிக்காமல் நம்பாத என் மல்லிகா அக்காவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாருங்கள். இங்கே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நீங்கள் முதலில் கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரஞ்சனி இப்போது ஸ்ரீரங்கத்து வீட்டில் இல்லை. நெஞ்சுவலி என்று படுத்த நீங்கள் எழுந்திருக்காமலே போன கொஞ்ச நாளில், உங்கள் தம்பி அவளைத் திருவெள்ளறைப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். "நல்ல இடங்க, நானே பாத்துட்டுதான் சேர்த்தேன்" என்கிறார். எதைப் பார்த்தார்? வாசலில் வைத்திருக்கும் பூந்தொட்டிகளையா? தீபாவளிக்குத் தீபாவளி வந்து போனவருக்கு, பேச்சு வராத பெண்ணைப் பற்றி என்ன தெரியும்?

தென்னூர் தெரபி சென்டர் மாடிப்படியில் நம் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த நாட்களை நான் மறக்கவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எந்த அறைக்குப் போவது, உதவித்தொகை நின்றால் யாரிடம் சண்டை போடுவது, எல்லாம் எங்களுக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். "ரொம்பச் சிரிச்சுப் பேசுற எடத்துல மொதல்ல பாத்ரூமப் போய்ப் பாரு. சொல்லாம போ, சாப்பாட்டு நேரத்துல போ" என்பீர்கள். அப்படித்தான் போனேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி.

அவர்கள் சிரித்தார்கள் அக்கா. நேரே பாத்ரூமுக்குப் போனேன். பாத்ரூம் சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கழுவினார்களோ என்று தரையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. ரஞ்சனிக்கு நகம் வெட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார்கள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கிள்ளிய தடம்கூட இல்லை. ஆனால் உதடு காய்ந்து வெடித்திருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"காதுல என்ன?" என்றேன்.

"எப்பப் பாத்தாலும் காதப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்குங்க. வலி போலருக்குன்னு சொட்டு மருந்து விடுறோம்" என்றார், அவளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா.

அவள் காதைப் பிடித்தவுடன், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தாமலே பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவீர்களே! அவள் தாகம் என்று சொன்னபோதெல்லாம் காதில் மருந்து விட்டிருக்கிறார்கள். தண்ணீர்ப் பானை கூடத்திலேயே இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கிறார்கள். இவளும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மறுபடியும் காதைப் பிடித்தாள்.

கத்தினேன். பிறகு அழுதேன். அந்த அம்மாவும் அழுதார். "யாரும் சொல்லலைங்களே" என்றார். நடிப்போ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மைதானே அக்கா? திருச்சியில் இத்தனை அம்மாக்களுக்கு வழி சொன்ன நீங்கள், இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எப்படித் தோன்றும்? உங்களுக்கு அது அவள் பேசுகிற பேச்சு, அவ்வளவுதான்.

சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரஞ்சனி காதைப் பிடித்தாள். நான் அசையவில்லை. அந்த அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மனம் கொஞ்சம் ஆறியது, ஆனால் முழுதாக இல்லை. நான் இருக்கிறேன் என்பதால் ஓடினாரோ? அவர் லீவு போட்டால், அடுத்து வருகிறவருக்கு யார் சொல்வார்கள்?

அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ஸ்ரீரங்கம் மல்லிகாவின் மகள் காதைப் பிடித்தால் அவளுக்குத் தாகம். தெரியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. மாதம் தவறாமல் போவேன், எந்த நாள் என்று அவர்களுக்குச் சொல்லமாட்டேன். உங்கள் தம்பியையும் விடப்போவதில்லை. அடுத்த தடவை என்னோடு அவரும் பஸ் ஏறுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசித்தால் என் நிலா என் வளையலைப் பிடித்து உருட்டுவாள், உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும், அது எதற்கென்று அவள் அப்பாவிடம் கேட்டேன். "அது வெளையாடுதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். ஒரே வீட்டில் இருக்கிறவர்!

இதைப் படிக்கிறவர்களே, நான் இல்லாத ஒருநாள் நிலா உங்கள் கையைப் பிடித்து வளையலைத் தேடினால், அவளுக்குச் சோறு போடுங்கள்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
நிலாவின் அம்மா,
காட்டூர்