ஜக்கைத் தூக்கிக்கொண்டு போன அண்ணை

அன்பின் தர்சினி,

நீரும் அம்மாவும் சுகமோ? நான் இங்கை கட்டாரிலை சுகம்தான், ஆனால் கோவம் இன்னும் ஆறேல்லை. போனிலை கதைச்சால் கத்திப்போடுவன், அதுதான் எழுதுறன்.

எங்கடை பழைய காருக்குப் பின்பக்க சொக் அப்சோபர் மாத்த நீர் சக்கரத்தைக் கழட்டி, காரை மரக்குற்றியிலை நிப்பாட்டியிருக்கேக்கை, சுதாகரன் அண்ணை வந்து, "பொம்பிளை காருக்குக் கீழை கிடக்கிறதோ? சனம் சிரிக்கும்" எண்டு, காரை உயத்துற ஜக்கைத் தூக்கிக்கொண்டு போனாராம். நீர் அதைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீர். எனக்குச் சிரிப்பு வரேல்லை. அம்மாவை ஒருநாளாவது கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போனவரோ அவர்? காரின்ரை குலுக்கலிலை அம்மாவுக்கு இடுப்பு, நாரி எல்லாம் நோகுதெண்டுதானே நீர் இந்த வேலையிலை இறங்கினனீர்!

உடனை அவருக்குப் போன் எடுத்தன். "தம்பி, உன்ரை மானத்தைத்தான் காப்பாத்தினன்" எண்டார்.

"என்ரை மானம் மூண்டு சக்கரத்திலை நிக்குது. ஜக்கைக் கொண்டுபோய்க் குடு, இல்லாட்டி இனி என்னோடை கதைக்காதை" எண்டன். பிறந்ததுக்கு அண்ணையோடை ஒருமையிலை கதைச்சது அண்டைக்குத்தான். பின்னேரமே ஜக்கைக் கொண்டுவந்து எங்கடை வாசல் படலையடியிலை வைச்சிட்டுப் போனாராம். அம்மா சொன்னா. போகட்டும்.

நீர் வேலையை முடிச்சுப்போடும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழை போகாதையும், குற்றியும் இருக்கவேணும். முடிஞ்சதும் எனக்குப் போன் எடுத்து, அதைப் பக்கத்து சீற்றிலை வைச்சுக்கொண்டு அச்சுவேலிச் சந்தை வரைக்கும் காரை ஒருக்கா ஓடும். பின்சக்கரத்திலை வந்த அந்த டக்கு டக்குச் சத்தம் நிண்டிட்டுதோ எண்டு பாக்கத்தான். நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம். சந்தை வருமட்டும் நான் கேட்டுக்கொண்டிருப்பன்.

வேலைக்கு பஸ் வந்திட்டுது, கூப்பிடுறாங்கள்.

உம்மடை
கோபிசங்கர்