பெட்டியில் வைக்காத பிரஷ்

என் கோபக்காரிக்கு,

நீ கேட்ட சாமான்களையெல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். கண்ணுக்கு மை தீட்டும் பிரஷ் மட்டும் அதில் இருக்காது.

பால்கனித் தொட்டிகளில் சிவப்பு அமரில்லிஸும் வெள்ளையும் இந்த வருஷம்தான் ஒரே வாரத்தில் பூத்தன. சிவப்பின் மகரந்தத்தை உன் பிரஷ்ஷால் தொட்டு, வெள்ளைப் பூவின் நடுத்தண்டு நுனியில் தடவினேன். "பூவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கத் தெரியுது, பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியல" என்று போகிற அன்று நீ சொன்னது காதிலேயே நின்றது.

காய் பிடித்துவிட்டது. விதை போட்டுப் பூக்க நாலு வருஷமாகும். என்ன நிறம் வருமென்று அதுவரை தெரியாது.

பிரஷ்ஷைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொள்.

பார், மறுபடியும் பூவைப் பற்றியே எழுதிவிட்டேன். எழுத உட்கார்ந்தது வேறு.

நீ வைத்த பெயரில்,
தொட்டிக்காரன்