கெட்டிலில் இரண்டு புள்ளிகள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

வணக்கம். தாமதமான பதிலுக்குப் பொறுத்தருள வேண்டும். கோபத்தில் எழுதியவற்றைக் கிழித்துப் போடவே பொழுது போயிற்று.

நமது கணினி விளையாட்டின் முதல் காட்சியான சமையலறைக்காகப் பிக்சல் பிக்சலாக நான் வரைந்த வெள்ளிக் கெட்டிலைத் தாங்கள் திருத்தி அனுப்பியிருந்தீர்கள். கரும்பட்டையை ஒட்டியே வெண்மையை வைத்திருந்தேன். நடுவில் இடைநிறம் கிடையாது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவும் அந்த வெட்டுத்தான் பளபளப்பு. தாங்கள் அங்கே சாம்பல் நிறங்களைக் குழைத்துப் பூசிவிட்டீர்கள். இப்போது அது நனைந்த சோப்புக்கட்டி.

உலோகம் தன் எதிரில் இருப்பதைக் காட்டும். இதை எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை. குழாயடியில் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கற்றேன்.

"எங்கக்கா தானா கத்துக்கிட்டவங்க, அதான் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும்" என்று அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்களாமே. மிக்க நன்றி.

இங்ஙனம்,
முரட்டுக் கைக்காரி

மார்ச் 9

அக்கா,

'தாங்கள்'னு எழுதி என்னைக் கொல்லாத. ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலை. நான் சொன்னது தப்புதான். வழவழன்னு இருக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன். இப்ப திரையில பாத்தா சோப்பேதான்!

பழைய படத்தை அழிச்சுத் தொலைச்சிட்டேன். உன்கிட்ட இருந்தா அனுப்பு. கெட்டில் வயித்துல ரெண்டு கறுப்புப் புள்ளி அழுக்கு மாதிரி இருந்துச்சே, அதை மட்டும் எடுத்துடு.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

அழுக்கா? கெட்டிலுக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று ஒரு கணமாவது யோசித்தாயா? அந்தச் சமையலறைக்குள் முதலில் நுழைவது ஓர் அக்காவும் ஒரு தம்பியும். கதையை எழுதியவனே நீதானே! அவர்கள் இருவரின் பிம்பத்தைத்தான் நீ அழுக்கு என்கிறாய்.

பழைய படம் என்னிடம் பத்திரமாக இருந்தது, இத்துடன் அனுப்பியுள்ளேன். நீ கேட்டபடி அழுக்கையும் எடுத்தேன், பாதி மட்டும். பெரிய புள்ளி போய்விட்டது. சின்னப் புள்ளி கெட்டிலின் வயிற்றில் தன்னந்தனியாக நிற்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்.

என்னைப் பற்றிப் பேசிய அதே ஆட்கள் முன்னிலையில், இதை வரைந்தவள் யார், ஏன் இப்படி வரைந்தாள் என்று நீ எடுத்துச் சொல்வதாக இருந்தால், பெரிய புள்ளியையும் வைத்து அனுப்புகிறேன். முடியாதெனில் இதுவே உனக்கு நான் தரும் கடைசிப் படம்.

விரைவில் பதில் எழுதவும்.

அக்கா